மெஷின் போட்டா காது ஒழுகுது, எலும்புல வைக்கலாமா?

வாசகி எழுதின லெட்டர், கொஞ்சம் சுருக்கியிருக்கேன்:

"மேடம், எனக்கு 43 வயசு. சின்ன வயசுலேர்ந்தே ரெண்டு காதும் ஒழுகும். இடது காதுல எலும்பை அரிச்சிடுச்சுன்னு 19 வயசுல ஒரு ஆபரேஷன், திரும்ப வந்துடுச்சுன்னு 31 வயசுல இன்னொண்ணு. வலது காதுல செவிப்பறைல ஓட்டை இருக்கு. இடது காதுக்கு மெஷின் வாங்கினேன், 10 நாள் போட்டா சீழ் வந்துடுது, கழட்டி வச்சு மருந்து விட்டா காயுது, மறுபடி போட்டா மறுபடி வருது. இப்போ டாக்டர் எலும்புல வைக்கிற இம்ப்ளான்ட் போட்டுக்கலாம்னு சொல்றார். மண்டை எலும்புல துளை போடுவாங்கன்னு கேட்டதுலேர்ந்து வீட்ல ஒரே பயம். என் கொழுந்தன், எலும்பு வழியா கேக்கற ஹெட்செட் கடையிலயே கிடைக்குது அண்ணி, அதுக்கு எதுக்கு ஆபரேஷன்னு கேக்கறான். எனக்கு சுகர் வேற இருக்கு, மாத்திரைல இருக்கேன். ஆடியோகிராம் ரிப்போர்ட்ல இடது காது ஏர் 65, போன் 20, வலது காது ஏர் 40, போன் 15னு போட்டிருக்கு. ஆபீஸ் மீட்டிங்ல பாதி புரியாம தலையாட்டிட்டு வர்றேன், கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருக்கு. இந்த வயசுல இதெல்லாம் தேவையா? இன்னொண்ணு, எங்க மாமாவுக்கு 3 வருஷம் முன்னாடி ஒரே ராத்திரில வலது காது சுத்தமா போயிடுச்சு, அவருக்கும் இது உதவுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் ஆடியாலஜிஸ்ட், சர்ஜன் இல்ல. காதை டெஸ்ட் பண்றது, மெஷினை செட் பண்றது, இம்ப்ளான்ட் வச்சவங்களுக்கு அப்புறம் வருஷக்கணக்கா பாத்துக்கறது, இதுதான் என் வேலை. அதனால கத்தி வைக்கிற முடிவை உங்க இஎன்டி டாக்டர்தான் சொல்லணும், ஆனா அந்த முடிவுக்கு முன்னாடி நீங்க என்னென்ன பாக்கணும், என்னென்ன கேக்கணும்ங்கறதை நான் சொல்லலாம், அதைத்தான் இங்க பண்றேன்.

நீங்க எழுதினதுல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது அந்த நாலு நம்பர்தான். ரிப்போர்ட்ல இருக்கற 'போன்' செல்போன் இல்ல, எலும்பு. ஏர்னா காது துவாரம் வழியா சத்தம் போய் உங்களுக்கு எந்த அளவுல கேக்குதுங்கறது, போன்னா காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு அதிர்வியை வச்சு, வெளிக்காது நடுக்காது எதையும் தொடாம நேரா உள்காதுக்கு அனுப்பினா எந்த அளவுல கேக்குதுங்கறது. நம்பர் குறைய குறைய காது நல்லா இருக்குன்னு அர்த்தம், 20க்குள்ள இருந்தா நார்மல்னே சொல்லலாம். அப்போ உங்க இடது காதுல என்ன நடக்குதுன்னா, உள்காது, அதாவது காக்ளியான்னு சொல்ற நத்தை வடிவ பகுதி, 20ல நல்லா இருக்கு, ஆனா சத்தம் அங்க போய்ச் சேர்ற வழி உடைஞ்சிருக்கு. செவிப்பறை, சின்ன சின்ன மூணு எலும்பு, இதெல்லாம் நோய்லயும் ஆபரேஷன்லயும் போயிருக்கும். 65க்கும் 20க்கும் நடுவுல 45 டெசிபல் இடைவெளி, இதை நாங்க ஏர்-போன் கேப்னு சொல்வோம். சாதாரண காது மெஷின் அந்த உடைஞ்ச வழியிலேயே சத்தத்தை ஓங்கி ஓங்கி தள்ளப் பாக்குது, எலும்பு வழி மெஷின் அந்த வழியையே விட்டுட்டு வேற வழியா உள்ள போகுது. பொதுவா இந்த இடைவெளி 30 டெசிபலுக்கு மேல போனா எலும்பு வழி மெஷின்தான் சாதாரண மெஷினை விட நல்லா உதவும்ங்கறது எங்க ஃபீல்டுல ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம். உங்களுக்கு 45. போதாததுக்கு துவாரத்தை அடைச்சா சீழ் வேற வருது. டாக்டர் சும்மா சொல்லல, நம்பரைப் பாத்துதான் சொல்லியிருக்கார்.

எலும்பு வழியா கேக்கறதுன்னா என்னன்னு வீட்ல உள்ளவங்களுக்கு புரிய வைக்கணும்னா, ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கிட்டு "ம்ம்ம்"னு ஒரு சத்தம் கொடுக்கச் சொல்லுங்க, தலைக்குள்ளயே பெருசா கேக்கும். அது எலும்பு வழிதான். நம்ம குரலை ரெக்கார்ட் பண்ணி கேட்டா யாரோ பேசற மாதிரி இருக்கே, அதுக்கும் இதுதான் காரணம், பேசும்போது நம்ம குரல் நமக்கு காத்து வழியாவும் எலும்பு வழியாவும் சேந்து கேக்குது, ரெக்கார்டிங்ல எலும்பு வழி இல்ல.

ஆனா உங்க ரிப்போர்ட்ல ஒரு விஷயத்தை செக் பண்ணச் சொல்லணும், இது நிறைய பேர் விட்டுடற இடம். எலும்புல அதிர்வி வச்சா மண்டை எலும்பு முழுக்க அதிரும், இடது பக்கம் வச்சாலும் வலது உள்காதுக்கும் ஏறக்குறைய அதே அளவு போயிடும். அதனால இடது காதோட போன் 20ன்னு வந்தது நிஜமாவே இடது காது கேட்டதா, இல்ல வலது காது கேட்டு நீங்க கையைத் தூக்கினீங்களான்னு சும்மா பாத்தா தெரியாது. அதுக்குத்தான் வலது காதுல இரைச்சல் சத்தம் கொடுத்து அதை பிஸியா வச்சுக்கிட்டு இடதை டெஸ்ட் பண்ணுவோம், மாஸ்கிங்னு பேரு. ஆடியோகிராம் கிராஃப்ல இடது காதோட போன் குறி அம்பு முனை மாதிரி இருந்தா மாஸ்கிங் பண்ணல, சதுர அடைப்புக்குறி மாதிரி இருந்தா பண்ணியிருக்காங்க. ரெண்டு ஆபரேஷன் ஆன காது வேற, அதனால இதை கட்டாயம் பாருங்க. பண்ணலன்னா திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, தயங்காதீங்க, அது உங்க உரிமை. ஒருவேளை இடது உள்காது நெஜமா கொஞ்சம் மோசம்னு வந்தாலும் பயப்பட வேணாம், வலது உள்காது அந்த அதிர்வை எடுத்துக்கும், ஆனா எந்தப் பக்கம் வைக்கிறதுங்கற பேச்சு அப்போ மாறலாம்.

இப்போ பயத்துக்கு வருவோம். மண்டை எலும்புல துளைன்னு கேட்டா யாருக்குத்தான் பயம் வராது. விஷயம் இதுதான். 1950கள்ல ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரோனமார்க்னு ஒருத்தர், முயல் எலும்புக்குள்ள டைட்டானியத்துல செஞ்ச ஒரு சின்ன கருவியை வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார், முடிஞ்சதும் எடுக்கப் பாத்தா வரல, எலும்பு அதோட ஒட்டி வளந்து ஒண்ணாயிடுச்சு. அதுலேர்ந்துதான் பல் இம்ப்ளான்ட் வந்துச்சு, 1965ல முதல் ஆளுக்கு வச்சாங்க. அதே டைட்டானியம் ஸ்க்ரூவை 1977ல கோதன்பர்க்ல ஆண்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரோம்ங்கற காது சர்ஜன் காதுக்குப் பின்னாடி வச்சு, அதுமேல அதிர்வி மெஷினை மாட்டினார், அதுதான் பாஹான்னு இன்னைக்கும் சொல்ற மெஷினோட ஆரம்பம். அப்போ இது புதுசா யார் மேலயோ டெஸ்ட் பண்ற விஷயம் இல்ல, ஏறக்குறைய 50 வருஷமா பண்ணிட்டிருக்கறது. பல் இம்ப்ளான்ட் வச்சவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா அவங்களை காட்டியே மத்தவங்களுக்கு சொல்லலாம், ஏன்னா அடிப்படை அதேதான்.

அந்த ஸ்க்ரூ எவ்வளவு நீளம் தெரியுமா, 3 இல்லன்னா 4 மில்லிமீட்டர், அவ்வளவுதான். காது துவாரத்துலேர்ந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பின்னாடி, மேல, மூளைக்கு இந்தப் பக்கம் எலும்புக்குள்ளயே நிக்கற மாதிரி வைப்பாங்க. முதல்ல 3 மில்லிமீட்டர் போட்டுப் பாத்து, அடியில இன்னும் எலும்பு இருக்குன்னு உறுதி பண்ணிட்டுத்தான் 4க்கு போவாங்க. எலும்பு மெல்லிசா இருக்கறவங்களுக்கு சில சமயம் மூளை மேல இருக்கற உறை தட்டுப்படறது உண்டு, அதை நான் மறைக்க விரும்பல, ஆனா அது தெரிஞ்ச விஷயம், சர்ஜன் அங்கேயே நிறுத்திட்டு இடம் மாத்திப்பார், பெரும்பாலும் அதனால பின்னாடி ஒரு தொந்தரவும் வராது. பெரியவங்களுக்கு இந்த ஸ்க்ரூ வகையை லோக்கல் அனஸ்தீசியாலயே பண்ணலாம், பல பேர் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடறாங்க.

ஸ்க்ரூ வகைன்னு சொன்னேன் இல்லையா, இதுல ரெண்டு பெரிய வகை இருக்கு, உங்க கேஸ்ல இந்த இடம்தான் ரொம்ப யோசிக்க வேண்டியது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். ஒண்ணு, ஸ்க்ரூவோட மேல் பகுதி தோலைத் தாண்டி வெளிய சின்ன பட்டன் மாதிரி நிக்கும், அதுல மெஷினை கிளிக் பண்ணி மாட்டிக்கணும், பாஹா கனெக்ட், பாண்டோ எல்லாம் இந்த வகை. அதிர்வு நேரா எலும்புக்கு போறதால சத்தம் தெளிவா இருக்கும், ஆனா தோலைத் தாண்டி ஒரு பொருள் நிரந்தரமா நிக்கறதால அந்த இடத்தை தினமும் மெல்லிசான பிரஷ்ஷால கிளீன் பண்ணணும், இல்லன்னா சிவந்து போறது, நீர் கசியறது, அதைச் சுத்தி சதை வளர்றது இதெல்லாம் வரும். இன்னொண்ணு, எல்லாமே தோலுக்கு அடியில, வெளிய ஒண்ணும் தெரியாது, மேல மெஷின் காந்தத்தால ஒட்டிக்கும். இதுல அதிர்வியே உள்ள இருக்கற மாடல்கள், போன்பிரிட்ஜ், ஓசியா மாதிரி, இப்போ நிறைய பேர் விரும்பறாங்க, தோல் சுத்தமா மூடியிருக்கும், தினசரி கிளீனிங் தொல்லை இல்ல. அதிர்வி வெளியவே இருந்து காந்தம் மட்டும் உள்ள இருக்கற பழைய மாதிரியும் இருக்கு, அதுல சத்தம் தோல் வழியா போகணும், தோல் கொஞ்சத்தை விழுங்கிடும், முக்கியமா ஸ, ஷ, த மாதிரி கூர்மையான சத்தங்கள்ல.

கேட்டதுமே எல்லாரும் வெளிய தெரியாததையே கொடுங்கன்னுதான் சொல்வாங்க, நீங்களும் சொல்வீங்க, முடியால காதை மறைச்சுக்கறதா எழுதாட்டியும் வெக்கமா இருக்குன்னு எழுதினதுலயே எனக்குப் புரியுது. ஆனா உங்களுக்கு ஒரு தனி விஷயம் இருக்கு. எலும்பை அரிச்சுதுன்னு ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணியிருக்காங்கன்னா அது அனேகமா கொலஸ்டியடோமாவா இருக்கும், அதாவது நடுக்காதுல தோல் வளந்து சேந்து எலும்பை அரிக்கற நோய், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில அந்த வார்த்தை இருக்கான்னு தேடிப் பாருங்க. அது திரும்பத் திரும்ப வர்ற நோய், உங்களுக்கே ஒரு தடவை திரும்ப வந்திருக்கு. அது உள்ள மறுபடி வளருதான்னு பாக்கறதுக்கு டிஃப்யூஷன்னு ஒரு வகை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பாங்க. இப்போ காந்தம் வச்ச இம்ப்ளான்ட் அதே பக்கம் இருந்தா ஸ்கேன்ல அந்த இடத்தைச் சுத்தி சில சென்டிமீட்டருக்கு கறுப்பா நிழல் விழும், எந்த இடத்தைப் பாக்கணுமோ அந்த இடமே தெரியாமப் போயிடலாம். ஸ்கேன் எடுக்கவே கூடாதுன்னு இல்ல, போன்பிரிட்ஜ் வச்சவங்க 1.5 டெஸ்லா காந்த சக்தி உள்ள ஸ்கேன் மெஷின்ல எடுத்துக்கலாம்னு கம்பெனியே சொல்லுது, ஆபத்து இல்லாம எடுக்கறது வேற, எடுத்தா படம் தெரியறது வேற, நான் சொல்ல வர்றது அதுதான். வெறும் டைட்டானியம் ஸ்க்ரூன்னா வெளி மெஷினை கழட்டி வச்சுட்டு ஸ்கேன் எடுக்கலாம், நிழல் ரொம்ப கம்மி.

இதோட இன்னொண்ணு, ரெண்டு தடவை மாஸ்டாய்டுன்னு சொல்ற காதுக்குப் பின்னாடி எலும்பை குடைஞ்சு எடுத்திருப்பாங்க, அங்க இப்போ ஒரு குழி இருக்கும். போன்பிரிட்ஜ் மாதிரி அதிர்வியை உள்ள வைக்கிறதுக்கு எலும்புல ஒரு சின்ன பள்ளம் தேவை, முதல்ல வந்த மாடலுக்கு 8.7 மில்லிமீட்டர் ஆழம் வேணும், 2019ல வந்த புது மாடலுக்கு 4.5 போதும். உங்க காதுல வழக்கமான இடத்துல எலும்பே இல்லாம இருக்கலாம், அப்போ சர்ஜன் இன்னும் பின்னாடியோ மேலயோ இடம் தேடணும், அதுக்கு சிடி ஸ்கேன் பாத்து அளந்துதான் சொல்ல முடியும். அதனால டாக்டர்கிட்ட இப்படியே கேளுங்க: "சார், எனக்கு கொலஸ்டியடோமா திரும்ப வருதான்னு இன்னும் எத்தனை வருஷம் பாக்கணும், அதுக்கு எம்ஆர்ஐ வேணுமா, நீங்க சொல்ற இம்ப்ளான்ட் வச்சா அந்த ஸ்கேன் தெரியுமா, சிடில எலும்பு எவ்வளவு இருக்கு?" இந்த கேள்விக்கு பதில் வந்தப்புறம் வெளியவா உள்ளயான்னு முடிவு பண்ணுங்க. அழகுக்காக முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் இதைக் கேக்காதீங்க. என் சொந்த அபிப்பிராயம், இன்னும் ஃபாலோ அப் ஸ்கேன் வேணும்னு டாக்டர் சொன்னா, உங்களுக்கு வெளிய பட்டன் நிக்கற ஸ்க்ரூ வகையே நல்லது, பெண்களுக்கு முடி வளந்து மூடிடும், தெரியவே தெரியாது.

சுகர் பத்தி கேட்டீங்க. சுகர் இருந்தா வைக்கவே கூடாதுன்னு இல்ல. ஆனா ஸ்க்ரூ எலும்போட ஒட்டறதும், தோல் ஆறறதும் சுகர் கன்ட்ரோல்ல இல்லன்னா தாமதமாகும், தொற்றும் சுலபமா வரும். ஆபரேஷன் தேதி குறிக்கறதுக்கு முன்னாடி எச்பிஏ1சி, அதாவது 3 மாச சராசரி சுகரைக் காட்டற ரத்த டெஸ்ட், எடுத்து சுகர் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. முன்னாடியெல்லாம் ஸ்க்ரூ வச்சு 3 மாசம் காத்திருந்து அப்புறம்தான் மெஷினை மாட்டுவாங்க, இப்போ பெரியவங்களுக்கு எலும்பு நல்லா இருந்தா சில வாரத்துலயே மாட்டறாங்க, உங்களுக்கு சுகர் இருக்கறதால டாக்டர் கொஞ்சம் கூட வெயிட் பண்ணச் சொன்னா அவசரப்படாதீங்க. சிகரெட் பிடிக்கறவங்களுக்கும், தலைல ரேடியேஷன் வாங்கினவங்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இப்போ உங்க கொழுந்தன் கேட்டது. தப்பான கேள்வி இல்ல, அவர் சொல்ற ஹெட்செட்டும் எலும்பு வழியாதான் வேலை செய்யுது. ஆனா அது செல்போன்லேர்ந்து வர்ற பாட்டையும் பேச்சையும் கேக்கறதுக்கு, எதிர்ல உக்காந்து பேசறவங்க குரலை எடுத்து உங்க காதுக்கு எந்த பிட்ச்ல எவ்வளவு வேணுமோ அந்த அளவு கூட்டிக் கொடுக்கறதுக்கு இல்ல. அதுக்கு உங்க ஆடியோகிராம் தெரியாது. ஆனாலும் ஒரு விதத்துல உதவும், அவர்கிட்ட வாங்கி போட்டுப் பாருங்க, செல்போன் பேச்சு தெளிவா கேட்டுச்சுன்னா எலும்பு வழின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கு ஒரு ருசி கிடைக்கும், மீட்டிங்குக்கு அது ஆகாது.

ஆனா கொழுந்தன் கேள்விக்குள்ள ஒரு நல்ல விஷயம் ஒளிஞ்சிருக்கு, ஆபரேஷன் இல்லாம முடியுமாங்கறது. முடியும், அதுவும் உங்க நம்பருக்கு நல்லாவே முடியலாம். நிஜ எலும்பு வழி மெஷினை ஒரு எலாஸ்டிக் பட்டையில மாட்டி தலையைச் சுத்தி போட்டுக்கலாம், சாஃப்ட்பேண்ட்னு பேரு. காதுக்குப் பின்னாடி ஸ்டிக்கர் மாதிரி ஒட்டி அதுல மெஷினை மாட்டறது இருக்கு, அட்ஹியர்னு, போன் லெவல் 25க்குள்ள இருக்கறவங்களுக்கு, ஸ்டிக்கரை 3லேர்ந்து 7 நாளைக்கு ஒரு தடவை மாத்தணும். கண்ணாடி காம்புலயே எலும்பு வழி மெஷின் வச்சதும் உண்டு. இதெல்லாத்துக்கும் குறை என்னன்னா சத்தம் தோல் வழியா போகணும், அதனால கூர்மையான சத்தங்கள்ல 10லேர்ந்து 15 டெசிபல் வரை குறையும், பட்டைன்னா அழுத்தற இடம் நாள் முழுக்க போட்டா வலிக்கும். ஆனா உங்க உள்காது 20ல இருக்கறதால இந்த குறையைத் தாங்கற அளவுக்கு இடம் இருக்கு. 45, 50ல இருக்கறவங்களுக்கு அந்த இடம் இல்ல, அவங்களுக்கு பட்டை போதாது.

அதனால நான் உங்களுக்கு சொல்ல விரும்பறது ஒண்ணே ஒண்ணுதான், டாக்டர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, ரிப்போர்ட் எவ்வளவு பொருத்தமா இருந்தாலும் சரி, பட்டையில மாட்டி குறைஞ்சது ஒரு வாரம், முடிஞ்சா ரெண்டு வாரம் உங்க வாழ்க்கைல போட்டுப் பாக்காம ஆபரேஷனுக்கு கையெழுத்து போடாதீங்க. இந்த ஆபரேஷன்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான், வைக்கறதுக்கு முன்னாடியே எப்படி கேக்கும்னு கேட்டுப் பாக்க முடியும், காதுல பண்ற பெரும்பாலான ஆபரேஷன்கள்ல இந்த வசதி கிடையாது. கிளினிக்ல உக்காந்து 10 நிமிஷம் போட்டுப் பாக்கறது ட்ரையல் இல்ல. அமைதியான ரூம்ல நான் ஒருத்தி எதிர்ல உக்காந்து மெதுவா பேசினா யாருக்கும் நல்லாத்தான் கேக்கும். அதை வீட்டுக்கு எடுத்துட்டு போங்க, ஆபீசுக்கு போடுங்க, நீங்க பாதி புரியாம வர்றேன்னு சொன்னீங்களே அந்த மீட்டிங்லயே போடுங்க, பட்டை தெரியுதேன்னு கூச்சமா இருந்தா துப்பட்டாவோ ஸ்கார்ஃபோ சுத்திக்கோங்க ஆனா மைக்கை மூடிடாதீங்க. ஒரு சின்ன நோட்டு வச்சுக்கோங்க. எங்க புரிஞ்சுது, எங்க புரியல, பாத்திர சத்தம் காதைக் கிழிச்சுதா, சொந்தக் குரல் எப்படி இருந்துச்சு, சாயங்காலம் தலை வலிச்சுதா, இதை அன்னன்னைக்கே எழுதுங்க. ரெண்டு வாரம் கழிச்சு அந்த நோட்டோட ஆடியாலஜிஸ்ட்கிட்ட போய், மெஷின் இல்லாம, பழைய மெஷினோட, எலும்பு வழி மெஷினோட, மூணு விதமாவும் வார்த்தை சொல்லி எவ்வளவு சரியா திருப்பிச் சொல்றீங்கன்னு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, அமைதிலயும் இரைச்சல்லயும். அந்த கணக்கும் உங்க நோட்டும் ஒரே பக்கம் பேசுச்சுன்னா முடிவு தானா வரும். பட்டையிலயே நல்லா கேட்டா ஸ்க்ரூ வகையிலயோ அதிர்வி உள்ள இருக்கற வகையிலயோ அதை விட தெளிவா இருக்கும், ஏன்னா தோல் தடுக்காது. பட்டையிலயே சந்தோஷமா இருக்கீங்க, ஆபரேஷன் வேணாம்னு தோணினா அதுவும் சரியான முடிவுதான், யாரும் உங்களை கட்டாயப்படுத்த முடியாது, பின்னாடி எப்ப வேணா மாத்திக்கலாம்.

இந்த ட்ரையல்ல ஒரு பெரியவர் என்கிட்ட வந்தார், ரிப்போர்ட்படி அவருக்கு எல்லாமே பொருத்தம், 10 நாள் போட்டுட்டு வந்து எனக்கு இது வேணாம்மா, சத்தம் ஜாஸ்தியா இருக்கு, நான் அமைதிக்கு பழகிட்டேன்னு சொல்லிட்டார். இன்னொரு பொண்ணு, கல்லூரில பாடம் எடுக்கறவங்க, பட்டையைத் திருப்பிக் கொடுக்கறதுக்கே மனசு வரல அவங்களுக்கு. ரெண்டு பேரோட ஆடியோகிராமும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனாலதான் நம்பரை மட்டும் நம்பாதீங்கன்னு இவ்வளவு தூரம் சொல்றேன்.

எதிர்பார்ப்பையும் இப்பவே சரியா வச்சுக்கோங்க. இது நோயை குணப்படுத்தாது, காது ஒழுகறதுக்கு காரணமான நோய் இருந்தா அதை டாக்டர் தனியா பாக்கணும், காதுல தண்ணி போகாம பாத்துக்கறதும், குழியை வருஷா வருஷம் கிளீன் பண்ணிக்கறதும் தொடரும். ஆனா துவாரத்தை அடைக்காததால காது காத்தாட இருக்கும், மெஷினால வர்ற சீழ் நின்னுடும், உங்களுக்கு அதுவே பாதி நிம்மதி. தூங்கும்போதும் குளிக்கும்போதும் மெஷினை கழட்டிடணும். சத்தம் அதிகமா இருக்கற இடத்துல கஷ்டம் முழுசா போகாது, குறையும். செலவுன்னு பாத்தா ஆபரேஷனோட முடியல, வெளிய மாட்டற மெஷினுக்கு பேட்டரி வேணும், உள்ள இருக்கறது பல வருஷம் நிக்கும் ஆனா வெளி மெஷினை சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டி வரும், இதையும் சேத்து கணக்கு போட்டு, சர்வீஸ் எங்க கிடைக்கும், இன்சூரன்ஸ் எதுக்கெல்லாம் கொடுக்கும்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

வலது காதுல 40, 15, கேப் 25தான். அங்க செவிப்பறை ஓட்டையை அடைக்கிற ஆபரேஷன் பண்ண முடியுமான்னு கேளுங்க, அது நல்லபடியா ஆனா அந்த காது மெஷின் இல்லாமலே கொஞ்சம் முன்னேறலாம். எதை முதல்ல பண்றதுங்கறது டாக்டர் சொல்லட்டும், ஆனா ரெண்டு காதையும் சேத்து ஒரு பிளானா போடச் சொல்லுங்க, இடது தனி கதை வலது தனி கதைன்னு விடாதீங்க.

மாமாவோடது முழுக்க வேற கேஸ். அவருக்கு வழி உடையல, உள்காதே போயிடுச்சு, அதனால எலும்பு வழி மெஷின் அந்தக் காதை கேக்க வைக்காது. அவருக்கு வச்சா என்ன ஆகும்னா, வலது பக்கம் வர்ற சத்தத்தை எடுத்து எலும்பு வழியா இடது பக்கம் இருக்கற நல்ல காதுக்கு அனுப்பும். வலது பக்கம் உக்காந்திருக்கறவங்க பேசறது கேக்கும், அது சாப்பாட்டு மேசைல, வண்டில போகும்போது பெரிய உதவிதான், ஆனா சத்தம் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கறது திரும்ப வராது, கேக்கறது ஒரே காதுதானே. இரைச்சல் வலது பக்கம் இருந்தா அதையும் நல்ல காதுக்கு கொண்டு போய் கொட்டி கெடுக்கறதும் உண்டு. அவருக்கு நல்ல காது 20க்குள்ள இருக்கணும். ஆபரேஷனே இல்லாம கிராஸ்னு ஒரு ஜோடி மெஷின் இதே வேலையை செய்யும், அதையும் பட்டையையும் ரெண்டையும் ட்ரை பண்ணச் சொல்லுங்க. போன காதையே கொஞ்சம் கேக்க வைக்கணும்னா உள்காதுக்குள்ளயே வச்சு நரம்புக்கு நேரா மின் சிக்னல் கொடுக்கற காக்ளியர் இம்ப்ளான்ட்தான் வழி, 3 வருஷம்ங்கறது அதுக்கு ரொம்ப லேட் இல்ல, விசாரிக்கலாம். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, அவருக்கு அப்போ எம்ஆர்ஐ எடுத்தாங்களான்னு கேளுங்க, ஒரு பக்கம் மட்டும் காது போனா நரம்புல கட்டி இருக்கான்னு பாத்து அது இல்லன்னு உறுதி பண்ணணும், எடுக்கலன்னா இப்பவாவது எடுங்க. திடீர்னு யாருக்கு காது போனாலும், சளி அடைப்பு சரியாயிடும்னு காத்திருக்காம அன்னைக்கே இஎன்டிகிட்ட போகணும், ஸ்டீராய்டு மருந்து முதல் 2 வாரத்துக்குள்ள கொடுத்தாத்தான் நல்லா வேலை செய்ய வாய்ப்பு, இதை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

கடைசியா, இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு கேட்டீங்களே. 43 வயசுல இன்னும் எத்தனை வருஷம் வேலை, எத்தனை பேச்சு பாக்கி இருக்கு. கேக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டு தலையாட்டறது உங்களுக்கு மட்டும் இல்ல, என்கிட்ட வர்ற பாதி பேருக்கு அதே பழக்கம், அதனால எத்தனை பேர் ப்ரமோஷனை விட்டிருக்காங்க, கல்யாண வீட்டுக்கு போறதையே நிறுத்தியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அடுத்த மீட்டிங்ல பட்டை போட்டுக்கிட்டு போகும்போது பக்கத்துல உக்கார்ற ஒரே ஒருத்தர்கிட்டயாவது, எனக்கு இடது காது கேக்காது, இது ஒரு மெஷின் ட்ரை பண்றேன், முகத்தைப் பாத்து பேசுங்கன்னு சொல்லிப் பாருங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு அதையும் அந்த நோட்டுல எழுதி வைங்க, மாஸ்கிங் பண்ணின ஆடியோகிராமும் சிடி ரிப்போர்ட்டும் கைக்கு வந்ததும் எல்லாத்தையும் சேத்து எனக்கு அனுப்புங்க, உக்காந்து பாக்கலாம்.